குமாஸ்தா படிக்கும் விஞ்ஞானம்

(கரக்பூர் ரயில்வே காலனித் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் திருக்குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் கற்றறிந்த பெரியோர்கள் பேசக் கேட்டு மகிழ்ந்தவன் நான். இவ்வாண்டு என்னைப் பேசுமாறு செயலாளர் பணித்தபொழுது உண்மையிலேயே திகைத்துப் போனேன். நான் மெட்ரிகுலேஷனோடு நின்றவன். தந்தையார் பணியில் இருக்கும்பொழுதே காலமானமையால், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்தவன். பகல் முழுதும் பார்சல் ரசீதுகளோடு மல்லுக்கு நிற்பவனுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். "தெரிந்ததைச் சொல்லுங்கள், இருபது நிமிஷம்" என்றார். தெரியாதது தெரிய வந்த கதையைத்தான் சொல்ல முடியும் என்றேன். அதற்கும் அவர் இசைந்தார்.

சித்திரை, வைகாசி மாதங்களில் இவ்வூரில் மாலை நேரத்துப் புயற்காற்று அடிப்பதை நீங்கள் அறிவீர்கள். வங்காளிகள் அதனைக் கால்பைசாகி என்பர். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஓர் இரவில் மின்சாரம் நின்றுவிட்டது. மெழுகுவத்தி ஏற்றிவைத்துச் சாப்பிட்டோம். அப்பொழுது ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள், சுடரையே பார்த்திருந்தவள், "அப்பா, மெழுகு குறைந்துகொண்டே வருகிறதே, அது எங்கே போகிறது?" என்று கேட்டாள். "எரிந்து போகிறது, அம்மா" என்றேன். "எரிந்து எங்கே போகிறது?" என்றாள். விறகு எரிந்தால் சாம்பலாவது மிஞ்சும். இதில் அதுவும் இல்லையே என்பது அவள் வாதம். எனக்கு விடை தெரியவில்லை. சாப்பிடும்பொழுது பேசாதே என்று சொல்லிவிட்டேன். தகப்பன்மாருக்கு என்றும் கைகொடுக்கும் விடை அது!

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பள்ளி இறுதித் தேர்வில் விஞ்ஞானப் பாடத்தில் நல்ல மதிப்பெண்ணே வாங்கியிருந்தேன். எரிதல் என்பதற்கு வரையறை எழுதியும் இருக்கிறேன். ஆயினும் கண்ணெதிரே எரியும் ஒரு மெழுகுவத்தியைப் பற்றி என் குழந்தைக்கு இரண்டு வாக்கியம் சொல்ல இயலவில்லை. அப்படியானால் நான் படித்தது என்ன?

மறுநாள் நம் சங்கத்து அலமாரியைத் திறந்து பார்த்தேன். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் இருந்தன. விஞ்ஞானம் என்று பட்டியலில் கண்டவை மூன்றே. எடுத்துப் பார்த்தால் அவற்றுள் ஒன்று சோதிட நூல். மற்ற இரண்டும் கலைக்களஞ்சியத்தின் இரு தொகுதிகள். ஓய்வு பெற்ற கார்டு ஒருவர் ஊர் திரும்பும்பொழுது கொடுத்துச் சென்றவை. அட்டையைச் செல் அரித்திருந்தாலும் உள்ளே எழுத்து அழியவில்லை. அவற்றை வீட்டிற்கு எடுத்துச் சென்றேன். அவற்றோடு, மைக்கேல் ஃபாரடே என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி மெழுகுவத்தியைப் பற்றியே ஆறு சொற்பொழிவுகள் ஆற்றியுள்ளார் என்று அறிந்து, அந்நூலையும் தேடிப் பிடித்தேன். 1860-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர் சிறுமியருக்காகத் தொடங்கிய சொற்பொழிவுகள் அவை, 1861-இல் நூலாயின. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று டிபன் வேளையில் படித்தேன். மூன்று மாதம் ஆயிற்று.

அந்நூல் காட்டுவதில் சிலவற்றை நீங்கள் இன்றிரவே வீட்டில் செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவர் கட்டாயம் அருகில் இருக்க வேண்டும்.

மெழுகுவத்தியின் உச்சியில் உருகிய மெழுகு ஒரு சிறு கிண்ணத்தில் நிற்பதுபோல் நிற்கிறதல்லவா? அக்கிண்ணத்தை அமைப்பது காற்று. சுடரின் வெப்பத்தால் மேலெழும் காற்று, கீழிருந்து குளிர்ந்த காற்றை இழுத்து வருகிறது. அது ஓரத்தைக் குளிர்விப்பதால் ஓரம் உருகாமல் வரம்பு கட்டி நிற்கிறது. மின்விசிறிக்கு அடியில் மெழுகுவத்தி ஒருபக்கமாக வழிந்து வீணாவது இவ்வரம்பு உடைவதனாலேதான். உருகிய மெழுகு திரியின் வழியே, துணியின் ஓரத்தில் தண்ணீர் ஏறுவதுபோல், மேலே ஏறுகிறது. ஏறியபின் அது ஆவியாகிறது. உண்மையில் எரிவது அந்த ஆவிதான். இதை எப்படி அறிவது? சுடரை மெல்ல ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெண்புகை ஒன்று மேலெழும். உடனே எரியும் தீக்குச்சியை, திரியைத் தொடாமல் சற்று மேலே அப்புகையில் காட்டுங்கள். தீ புகையின் வழியே இறங்கி ஓடிவந்து திரியைப் பற்றிக்கொள்ளும். என் மகள் இதனை அன்று மாலை பதினான்கு முறை செய்தாள். ஒரு பெட்டித் தீக்குச்சி போயிற்று. வீட்டில் எனக்கு வசவும் கிடைத்தது.

சுடருக்கு அத்தனை ஒளி எங்கிருந்து வருகிறது? குளிர்ந்த கரண்டி ஒன்றைச் சுடரின் மஞ்சள் பகுதியில் சிறிது நேரம் காட்டினால் கரி படிகிறது. அக்கரித் துகள்களே சுடருக்குள் பழுக்கக் காய்ந்து ஒளிவிடுகின்றன. நாம் வெளிச்சம் என்று கொண்டாடியது கரியின் வெளிச்சம்!

இனிக் குழந்தையின் கேள்விக்கு வருகிறேன். மெழுகு எங்கே போகிறது? நன்றாகத் துடைத்த குளிர்ந்த கண்ணாடி டம்ளரைச் சுடருக்குச் சற்று மேலே கவிழ்த்துப் பிடித்தால் உட்புறம் மங்குகிறது. விரலால் தொட்டால் ஈரம். தீயிலிருந்து தண்ணீர்! மெழுகிலுள்ள ஹைட்ரஜனும் காற்றிலுள்ள பிராணவாயுவும் கூடி நீராகின்றன. மெழுகிலுள்ள கரியோ பிராணவாயுவோடு கூடிக் கரியமிலவாயு ஆகிறது. அதைக் கண்ணால் காண முடியாது. ஆனால் சாட்சி உண்டு. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் ஒரு பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். எரியும் மெழுகுவத்தியின்மேல் வாயகன்ற வேறு பாட்டிலைக் கவிழ்த்துச் சுடர் அணைந்தபின், அந்தப் பாட்டிலில் இத்தெளிநீரை விட்டுக் குலுக்கினால் பால்போல் வெளுக்கும். வேறொரு டம்ளரில் அதே தெளிநீரை ஊற்றி, ஓர் உறிஞ்சுகுழலால் அதனுள் மூச்சை ஊதினால் அதுவும் வெளுக்கும். (ஊத வேண்டும், உறிஞ்சக் கூடாது.) மெழுகுவத்தி விடுவதையே நாமும் விடுகிறோம். நாம் உண்ணும் சோறும் நம் உடம்பினுள் சுடரின்றி மெல்ல எரிந்துகொண்டிருக்கிறது. நம் மேனிச் சூடு அதனால் வருவது. மெழுகு எங்கும் போய்விடவில்லை. நாங்கள் சாப்பிட்ட அந்த அறையிலேயே நீராவியாகவும் கரியமிலவாயுவாகவும் எங்களைச் சுற்றி நின்றது. காற்றிலிருந்த பிராணவாயுவும் அதனோடு சேர்ந்துகொண்டதால், எரிந்த மெழுகைவிட விளைந்த பொருளின் எடை கூடுதல் என்பதும் அறிந்தேன். இதை என் மகளிடம் சொல்ல எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அவள் அதற்குள் கேள்வியை மறந்திருப்பாள் என்று எண்ணினேன், மறக்கவில்லை.

அன்பர்களே, இவ்வளவோடு நின்றிருந்தால் இது ஒரு பொழுதுபோக்குதான். இனிச் சொல்லப்போவதை இம்மேடையில் சொல்லலாமா என்று பலமுறை எண்ணிப் பார்த்தேன்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில், வடக்கே வேறோர் ஊரில், ரயில்வே குடியிருப்பின் ஒரு வரிசை வீட்டில் தங்கியிருந்தேன். எனக்கு இரண்டு வீடு தள்ளித் தமிழ்த் தம்பதியர் ஒருவர் இருந்தனர். புதிதாக மணமானவர்கள். அண்ணி என்றே அப்பெண்ணை அழைப்போம். பண்டிகை நாளில் எங்களைப் போன்ற பிரம்மசாரிகளுக்குச் சோறு போட்ட கை அது. மார்கழிக் குளிர், எலும்பைத் துளைக்கும். கும்மட்டி அடுப்பில், அதாவது இங்குள்ளவர்கள் அங்கீட்டி என்பார்களே, அதில் கரியை நெருப்பாக்கி, புகையெல்லாம் அடங்கியபின் படுக்கை அறைக்குள் வைத்துக் கதவையும் ஜன்னலையும் இறுகச் சாத்திப் படுத்தனர். காலையில் கதவை உடைத்தோம். அவர் இறந்திருந்தார். கதவிடுக்கின் ஓரம் படுத்திருந்த அண்ணி பிழைத்தாள்.

அறையில் புகை இல்லை, தீக்காயம் இல்லை, பாம்பு கடித்த தடம் இல்லை. ஆகையால் ஆளுக்கொரு காரணம் கூறலாயினர். பெண்ணின் ஜாதகம் என்றனர் சிலர். அவள் ஏதோ கொடுத்துவிட்டாள் என்றுகூட ஒருவர் கிசுகிசுத்தார். ஊரிலிருந்து வந்த மாமியார் நடுத்தெருவில் நின்று அவளைச் சபித்தது இன்றும் என் காதில் ஒலிக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இரக்கம் இருந்தது, ஆனால் மனத்தின் ஒரு மூலையில் நானும் ஐயுற்றேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பத்தே நாளில் அண்ணியை அவள் அண்ணன் வந்து அழைத்துச் சென்றார். அதன்பின் அவளைப் பற்றிய செய்தி இல்லை.

மெழுகுவத்தியில் தொடங்கி, ஒன்றைத் தொட்டு ஒன்றாகப் படித்துச் சென்றபொழுது அந்தச் செய்தி என் கண்ணில் பட்டது. கரிக்குப் பிராணவாயு போதிய அளவு கிடைத்தால் கரியமிலவாயு உண்டாகும். போதாமல் எரிந்தால் உண்டாவது வேறொரு வாயு. கார்பன் மோனாக்சைடு என்பது அதன் பெயர். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, தொண்டையில் கமறலும் இல்லை. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் என்னும் செம்பொருள், பிராணவாயுவைப் பற்றுவதைவிட இருநூறு மடங்கிற்கும் மேலான வலிமையோடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. தலை வலிக்கும், கிறுகிறுக்கும், தூக்கம் வருவதுபோல் வரும். தூங்குகிறவன் விழிக்க மாட்டான். கரியடுப்பின்மேல் நீலச் சுடர் ஒன்று ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது இவ்வாயு எரிவதுதான். புகை அடங்கிவிட்டது, இனி அபாயம் இல்லை என்று நாம் எண்ணும் வேளையிலும் கனல் இதனை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும்.

அப்பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். அந்த வரிசையில் பன்னிரண்டு வீடுகள். எல்லோரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அந்த ஒரு பக்கத்தைப் படித்தவர் ஒருவர் இருந்திருந்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்லியிருப்பார். அவர் உயிரைக் காக்க முடியாமற் போயிருந்தாலும், அண்ணியின் பெயரையாவது காத்திருப்பார். தாய்மார்களே, நம் காலனியில் இன்றும் குளிர்காலத்தில் சிலர் கரியடுப்பை உள்ளே வைப்பதை நான் அறிவேன். வைக்காதீர்கள். காற்றுப் போக்கில்லாத குளியலறையில் எரிவாயுவால் வெந்நீர் போடும் கருவியும் அத்தகையதே. யாருக்கேனும் அடைத்த அறையில் அப்படித் தலை சுற்றினால் முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு நம் ரயில்வே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இதையெல்லாம் படிப்பது பட்டதாரிகளின் வேலை, நமக்கேன் என்று சிலர் கூறுவர். அவர்களுக்காகவே ஃபாரடேயின் வரலாற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். அவர் 1791-இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். பள்ளிப் படிப்பு எழுதப் படிக்க, கணக்குப் போட என்ற அளவோடு சரி. என் மெட்ரிகுலேஷன் அவருக்கு மேல்! பதினான்காம் வயதில் லண்டனில் ஒரு புத்தகக் கடையில் பைண்டிங் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களை இரவில் படித்தார். அவ்வாறு கைக்கு வந்ததே ஜேன் மார்செட் என்னும் பெண்மணி, ஓர் ஆசிரியையும் இரு சிறுமியரும் உரையாடுவதுபோல் எழுதிய ரசாயன நூல். டேவி என்னும் பேரறிஞரின் சொற்பொழிவுக்குச் சென்று, முதலில் விளங்காமல், பின்னர் நண்பர் ஒருவரோடு பேசிப் பேசித் தெளிந்து, தம்மைப் போன்ற பிறருக்கும் விளங்கட்டும் என்று அவ்வம்மையார் எழுதியது அது. தொடக்கத்தில் தம் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

ஃபாரடே அந்நூலை எப்படிப் படித்தார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. தம் சில்லறைக் காசில் செய்யக்கூடிய சிறு சோதனைகளைச் செய்து, நூல் சொல்வது மெய்தானா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். மெய்யென்று கண்டபின்னரே நம்பினார். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த சீட்டுகளால் 1812-இல் டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, தாமே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு அவருக்கே உதவியாளராக அமர்ந்தார். 1831-இல் காந்தத்தின் அசைவால் கம்பியில் மின்சாரம் எழச் செய்தார். நம் யார்டில் தலைக்கு மேலே 25,000 வோல்ட்டில் செல்லும் கம்பியின் மின்சாரம் பிறப்பதும், எஞ்சினுக்குள் அதன் அழுத்தத்தை இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இயங்குவதும் அந்தத் தத்துவத்தாலேயே. முதுமையிலும் மார்செட் அம்மையாருக்குத் தாம் பட்ட கடனை அவர் மறக்கவில்லை. தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அவருக்குக் காணிக்கைபோல் அனுப்பிவந்தார்.

கடல் கடந்து போவானேன்? நாம் பிழைக்க வந்திருக்கும் இந்த வங்க நாட்டையே பாருங்கள். 1876-இல் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் நன்கொடை திரட்டிக் கல்கத்தாவில் விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தை நிறுவி, பொதுமக்களுக்கும் மாணவர்க்கும் விஞ்ஞானச் சொற்பொழிவுகள் நடக்கச் செய்தார். அவர் காலமானபின், 1907-இல் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா வந்த தமிழ் இளைஞர் ஒருவர் டிராமில் செல்லும்பொழுது அதன் பெயர்ப்பலகையைக் கண்டார். காலையில் அங்கே, பகலில் அலுவலகம், மாலையில் மீண்டும் அங்கே என்று பத்தாண்டு உழைத்தார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன்தான் அவர். அவருடைய பெருமையை எல்லோரும் பேசுகிறோம். அங்கே அவருக்குத் துணையாக நின்ற அசுதோஷ் தே என்பவரை யாரும் பேசுவதில்லை. பல்கலைக்கழக வாசலை மிதியாதவர். ஆயினும் அவருடைய ஆராய்ச்சி 1919-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. என் போன்றவர்களுக்கு இவர் பெயர் நினைவிருக்க வேண்டும்.

என் அடுத்த மேஜையில் அமரும் வங்காளி நண்பர் ஒருநாள் நான் மெழுகுவத்தி நூல் படிப்பதைக் கண்டு, தம் வீட்டிலிருந்து ஒரு பழைய புத்தகம் கொண்டுவந்தார். ரவீந்திரநாத் தாகூர் 1937-இல், தம் எழுபத்தாறாம் வயதில் எழுதிய ‘விஸ்வ பரிசய்’. அணு முதல் விண்மீன்கள் வரை எளிய வங்காளியில் சொல்லும் நூல். ஐன்ஸ்டீன் தம் கையாலேயே ஜெர்மானிய மொழியில் பெயர்த்து 1924-இல் வெளியிடச் செய்த கட்டுரையின் ஆசிரியர் சத்தியேந்திரநாத் போஸுக்கு அதைக் காணிக்கையாக்கினார். சிறு வயதில் ஆசிரியர் ஒருவர் கண்ணாடிப் பாத்திரத்து நீரில் மரத்தூளைப் போட்டுச் சூடாக்கி, சூடான நீர் மேலே ஏறக் குளிர்ந்த நீர் கீழே இறங்குவதைக் காட்டியது முதுமைவரை மறக்கவில்லை என்று அதன் தொடக்கத்தில் சொல்கிறார். நண்பர் ஒவ்வொரு பத்தியாகப் படித்து இந்தியில் சொல்ல, நான் கேட்டேன். நோபல் பரிசு பெற்ற கவிக்கு இது தம் தகுதிக்குக் குறைந்த வேலையாகத் தோன்றவில்லை. அந்தப் போஸும் சும்மா இருக்கவில்லை. 1948-இல் வங்காள விஞ்ஞானப் பரிஷத்தைத் தொடங்கி, ‘ஞான் ஓ பிஞ்ஞான்’ என்னும் திங்களிதழைத் தாய்மொழியிலே நடத்தச் செய்தார்.

தமிழில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நாம் வாங்கவில்லை. பெ. நா. அப்புசுவாமி என்பவர் தொழிலால் வழக்கறிஞர். 1917-ஆம் ஆண்டு முதல், 1986-இல் மறையும் வரை, விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதிக்கொண்டே இருந்தார். நாடு விடுதலை பெற்ற சிறிது காலத்திலேயே கோவையிலிருந்து ‘கலைக்கதிர்’ வரத் தொடங்கியது. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. 1987-இல் சிறுவர்க்கென்றே ‘துளிர்’ தோன்றியது. கலைக்களஞ்சியத்தின் செய்திகளுட் சில இன்று பழையனவாயின என்பது மெய். ஆனால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காசின்றிப் படிக்கக் கிடைக்கும்பொழுது, பழையது என்று குறை கூறுவானேன்?

எதை வாங்குவது என்பதில் மட்டும் சிறிது எச்சரிக்கை வேண்டும். எத்தனை கோடி மைல், எத்தனை கோடி ஆண்டு என்று எண்களை அடுக்கி வியப்புக்குறி போடும் நூல்கள் உண்டு. படித்து முடித்தபின் வாய் திறந்திருக்கும், அறிவு திறந்திராது. ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் தமிழனுக்கும் புரியாமல், ஆங்கிலேயனுக்கும் புரியாமல் நிற்பவை உண்டு. எல்லாவற்றையும் நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுபவை மூன்றாவது வகை. கைப்பேசியில் காலை வணக்கத்தோடு வரும் செய்திகளிற் பலவும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. இன்னது உண்மை என்று சொல்வதோடு நில்லாமல், அது உண்மை என்று எப்படிக் கண்டார்கள் என்பதையும் சொல்கிற நூலே வாங்கத் தக்கது. நான் பார்த்த அளவில் அத்தகைய நூல்கள் பெரும்பாலும் மெலிந்தவை, விலையும் குறைவு.

என் விண்ணப்பம் இதுதான். வரும் ஆண்டுச் சங்கத்தின் நூலகத் தொகையில் மூன்றில் ஒரு பங்கை விஞ்ஞான நூல்களுக்கென ஒதுக்க வேண்டும். நாவல் விரும்பும் சகோதரிகள் என்மேல் சினங்கொள்ள வேண்டாம். என் மனைவியும் உங்கள் கட்சியே. அலமாரியின் நடுத்தட்டைத் தந்தால் போதும். சிறுவர்க்குக் கை எட்டுவது அந்தத் தட்டுதான். தமிழெழுத்து தடுமாறும் பிள்ளைகளுக்கு நான் உரக்கப் படித்துக் காட்டுகிறேன். என் மகள் ‘சுடர்’ என்ற சொல்லை முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தது அந்தச் செல்லரித்த தொகுதியில்தான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே மண்டபத்தில் மெழுகுவத்திச் சோதனைகளைச் செய்து காட்ட எண்ணியிருக்கிறேன். பிள்ளைகள் ஆளுக்கொரு கண்ணாடி டம்ளர் கொண்டுவர வேண்டும். பாட்டிமார் யாரேனும் கொஞ்சம் சுண்ணாம்பு கொடுத்தனுப்பினால் நலம். தீப்பெட்டி என்னிடமே இருக்கும். ஜன்னல்களையெல்லாம் முன்னதாகவே திறந்துவைக்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.